நல்ல இந்தியன் ரெஸ்டாரன்ட் கேட்ட தம்பிக்கும், வந்து சிரித்துவிட்டுப் போன எழுபது பேருக்கும்

சனிக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. லண்டன் ஈஸ்ட் ஹாம் பக்கம் நல்ல இந்தியன் ரெஸ்டாரன்ட் எது என்று ஊருக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி நம் இணையக் குழுவில் கேட்டார். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நாலே மேசை போட்டிருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் கடையை நான் சொன்னேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

"அது இந்தியன் இல்ல ப்ரோ, ஸ்ரீலங்கன்." "அதெல்லாம் ரெஸ்டாரன்ட் கணக்குலயே வராது." "சாருக்குக் கொத்து ரொட்டிதான் ஃபைன் டைனிங் போல." கடைசியாகச் சொன்னதற்கு எழுபது சொச்சம் சிரிப்பு. சிரித்தவர்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து மூன்று தடவை பிரியாணி சாப்பிட்டவர். இருக்கட்டும்.

நான் கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில் எழுதியது ஞாயிற்றுக்கிழமை, அதை அழித்துவிட்டேன். சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. வாசலில் மாட்டியிருக்கும் பலகையைப் பார்க்காதீர்கள், அடுப்படியில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். அவர் எதைத் தின்று வளர்ந்தாரோ அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். பதினாறு வருடமாக இந்த ஊரில் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது இது. நிறைய காசு.

முதலில் இந்த 'இந்தியன்' சமாச்சாரத்துக்கு வருவோம், ஏனென்றால் அதுதான் எல்லாவற்றையும் விட அதிகமாகக் குத்தியது. 1810-இல் இந்த ஊரில் முதல் இந்திய உணவுக்கடையைப் போட்டவர் பாட்னாக்காரரான தீன் முகமது. போர்ட்மன் சதுக்கம் பக்கம் ஜார்ஜ் தெருவில் 'ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்'. இரண்டே வருடத்தில் திவாலானார். (அன்றைக்கும் யாராவது 'அதெல்லாம் ரெஸ்டாரன்ட் கணக்குல வராது' என்று சொல்லியிருப்பார்கள்.) 1926-இல் ரீஜன்ட் தெருப் பக்கம் வீராசாமி வந்தது. பெயரைப் பார்த்துவிட்டு நம்ம ஊர்க்காரர் கடை என்று நெஞ்சை நிமிர்த்த வேண்டாம், தொடங்கியவர் பெயர் எட்வர்ட் பாமர். அப்புறம் ஊர் ஊராக, தெரு தெருவாக முளைத்த 'இந்தியன்' கடைகள் இருக்கின்றனவே, அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் சில்ஹெட்காரர்கள். 1971-க்குப் பிறகு அது பங்களாதேஷ். தாஜ்மகால் படம் மாட்டியிருப்பார்கள், சிதார் இசை ஓடும், கல்லாவில் இருப்பவர் வங்காள மொழியில் பேசிக்கொண்டிருப்பார். அது இந்தியன் இல்லை என்று இந்தக் குழுவில் இதுவரை ஒருத்தர் எழுதியதில்லை. யாழ்ப்பாணத்துக்காரர் சம்பல் வைத்தால் மட்டும் நமக்கு பாஸ்போர்ட் பார்க்க வேண்டும்.

சில்ஹெட்காரர்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டு யாரும் வர வேண்டாம். அவர்கள் சோறு தின்றவன் நான். 2009-இல் மாணவனாக வந்தபோது, வாரம் இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற கணக்கில், ரோம்ஃபர்ட் பக்கம் ஒரு கறி ஹவுஸில் பாத்திரம் கழுவினேன். அங்கேதான் அடுப்படி ரகசியம் தெரிந்தது. காலையில் மூட்டைக் கணக்கில் வெங்காயத்தை வேகவைத்து அரைத்து ஒரு அண்டா குழம்பு தயாராகிவிடும். அதற்குப் பெயர் பேஸ் கிரேவி. சாயங்காலம் ஆர்டர் வர வர, அதே குழம்பில் கிரீம் ஊற்றினால் கோர்மா, மிளகாய்த்தூளைக் கூட்டினால் மெட்ராஸ், இன்னும் கூட்டினால் விண்டாலு. விருதுநகரில் பிறந்த எனக்கு 'மெட்ராஸ்' என்பது ஒரு காரத்தின் அளவு என்று அன்றைக்குத்தான் தெரியும். தோசை இல்லை, சாம்பார் இல்லை, கடற்கரை இல்லை. ரெண்டு கரண்டி மிளகாய்த்தூள், அதுதான் மெட்ராஸ்.

ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடை திறப்பதற்கு முன்னால், பின்பக்கம் கவிழ்த்துப்போட்ட பால் கிரேட்டுகளின் மேல் உட்கார்ந்து அவர்கள் சாப்பிட்டதே, அது வேறு. சோறு, பருப்பு, சாத்கரா போட்ட மீன் குழம்பு. சாத்கரா என்பது நார்த்தங்காய் மாதிரி ஒரு காய், தோல் தடியாக இருக்கும். தோலோடு நறுக்கிக் குழம்பில் போடுவார்கள். கசப்பும் புளிப்பும் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். முதல் நாள் தலைமைச் சமையற்காரர் தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் சோற்றில் வைத்தார். எங்கள் ஆச்சி வைக்கிற நார்த்தங்காய்க் குழம்பு நினைவுக்கு வந்து, எழுந்துபோய் பாத்திரம் கழுவுகிற சாக்கில் முகத்தைக் கழுவிக்கொண்டேன். "இதை ஏன் மெனுவில் போடுவதில்லை பாய்?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்தார். "இதுக்கு யார் காசு கொடுப்பான்?" முன்பக்கம் வெள்ளைத் துணி விரித்த மேசையில் ஜனங்கள் வரிசையாக சிக்கன் டிக்கா மசாலா தின்றுகொண்டிருந்தார்கள். 2001-இல் ராபின் குக் என்கிற வெளியுறவு அமைச்சர் அது ஒரு உண்மையான பிரிட்டிஷ் தேசிய உணவு என்றே பேசினார். ஆனால் அந்தக் கறி ஹவுஸ் கட்டடத்திலேயே நல்ல சாப்பாடு பால் கிரேட்டின் மேல்தான் இருந்தது. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், பலகையைப் பார்க்காதீர்கள், அடுப்படியைப் பாருங்கள்.

சரி, பதிலுக்கு என்ன வரும் என்று தெரியும்.

"சுத்தம் வேண்டாமா?" வேண்டும். யார் வேண்டாம் என்றது? ஸ்காட்லாந்தை விட்டுவிட்டால், இந்த நாட்டில் ஒவ்வொரு உணவுக்கடைக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை சுகாதார மதிப்பெண் உண்டு. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அதை வாசலில் ஒட்டியே ஆக வேண்டும், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. ஆகவே இங்கே ஒட்டாத கடையென்றால் கொஞ்சம் யோசிக்கலாம். இணையத்தில் தட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அண்ணர் கடைக்கு நாலு. கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கிறார். சிரித்த எழுபது பேரில் எத்தனை பேர் அந்தக் கதவைத் தள்ளியிருக்கிறீர்கள்? அந்த எண் ருசிக்குக் கொடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உணவைக் கையாளும் விதம், இடத்தின் நிலை, நிர்வாகம் பதிவேடுகளை வைத்திருக்கும் லட்சணம், இவற்றுக்குத்தான் அது. ஐந்து வாங்கிய கடையில் சப்பென்ற சாம்பாரும் கிடைக்கும்.

"குடும்பத்தோடு போக இடமில்லை." ஒப்புக்கொள்கிறேன். தள்ளுவண்டிக் குழந்தையோடு அங்கே போக முடியாது. கழிப்பறைக்குப் போகிற வழியில் வெங்காய மூட்டையைத் தாண்ட வேண்டும். தம்பி தனி ஆள் என்பதால்தான் சொன்னேன்.

"பார்க்கிங் இல்லை." ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனில் இறங்கி நடங்கள். தொந்தி கரையும்.

"கூகுளில் 3.9 தான் இருக்கிறது." இதற்கு நான் என்ன சொல்ல? ஒரு புண்ணியவான் அங்கே ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு எழுதியிருக்கிறார்: பட்டர் சிக்கன் இனிப்பாக இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் போய் பட்டர் சிக்கன் கேட்டால் அவர் என்ன செய்வார், பாவம். யாரோ கேட்கிறார்கள் என்று மெனுவில் எழுதி வைத்திருக்கிறார், யாரோ கேட்டதும் ஏதோ செய்து கொடுக்கிறார். அதே நாள் பக்கத்து மேசைக்காரர் வாங்கிய இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் அந்தப் புண்ணியவானின் கண்ணில் படவில்லை. மலையாளிக் கடையில் பொங்கல் கேட்பது, பஞ்சாபிக் கடையில் தோசை கேட்பது, பிறகு 'இந்த ஏரியாவிலேயே நல்ல கடை இல்லை' என்று எழுதுவது. இல்லாதது கடை இல்லை ஐயா.

சவுத்ஹால் போனால் பஞ்சாபி. வெம்ப்ளி ஈலிங் ரோடு போனால் குஜராத்தி. டூட்டிங் போனால் தென்னிந்தியாவும் யாழ்ப்பாணமும் ஒரே தெருவில். எங்கள் ஈஸ்ட் ஹாமில் தமிழ், மலையாளம், இலங்கை எல்லாம் தோளோடு தோள். இது தெரிந்தவனுக்குப் பசி தீரும். தெரியாதவன் எல்லா ஊரிலும் ஒரே பட்டர் சிக்கனைத் தேடி அலைவான்.

அண்ணரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2010 ஜனவரி, பனி கொட்டிக் கிடந்தது. மேனர் பார்க்கில் ஐந்து பேர் தங்கிய வீட்டில் எனக்குக் காய்ச்சல். மற்ற நாலு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். பையில் ஆறோ ஏழோ பவுண்டு. எப்படியோ நடந்து அந்தக் கடைக்குப் போய், இருப்பதிலேயே மலிவாக என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "இருங்கோ தம்பி" என்று உள்ளே போனவர் ஒரு கோப்பையில் ரசமும், தட்டில் நாலு இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தார். சொதியில் அப்போதுதான் பிழிந்த தேசிக்காயின், அதாவது எலுமிச்சையின், கொட்டை ஒன்று மிதந்தது. "ஆறுதலாச் சாப்பிடுங்கோ." அவர்கள் ஆறுதலா என்றால் அவசரப்படாமல் என்று அர்த்தம், அது எனக்கு அப்போது தெரியாது. நான் நம் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன். காசு கொடுத்தபோது ரசத்துக்கு வாங்கவில்லை, ரசம் மெனுவில் இல்லையாம்.

எண்பத்துமூன்று இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களில் ஒருவர் அவர். பெட்ரோல் நிலையத்தில் ராத்திரி வேலை பார்த்துச் சேர்த்த காசில் போட்ட கடை. அந்தக் கடையைத்தான் கணக்கில் வராது என்கிறீர்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அடுப்படியில் யார் நிற்கிறார் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேனே, இனிமேல் யார் நிற்பார்? 2025 ஜூலையிலிருந்து பட்டப்படிப்பு அளவு வேலைகளுக்குத்தான் பெரும்பாலும் புதிதாக ஸ்கில்டு வொர்க்கர் விசா. சமையற்காரர் அதில் வரமாட்டார். விருதுநகரிலிருந்து ஒரு பரோட்டா மாஸ்டரைக் கூட்டி வர வேண்டுமென்றால் முதலில் அவரை எம்.பி.ஏ. படிக்க வைக்க வேண்டும் போல. அந்த வருடம் ஏப்ரலிலேயே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. கொடுக்க வேண்டிய கூலிதான், நான் வாங்கிய கூலியை நினைத்தால் மறுக்க மாட்டேன். ஆனால் கொத்து ஒரு பவுண்டு ஏறியதற்கு 'கொள்ளை' என்று எழுதியவர்களும் இதே குழுவில்தான் இருக்கிறீர்கள். சென்ட்ரல் லண்டனில் பாதாம் தூவிய ஒற்றை இறால் வைத்த தட்டுக்கு இருபத்திரண்டு பவுண்டு கொடுத்துவிட்டுப் படம் போட்டவர்களும் நீங்கள்தான்.

'நீங்கள்' என்று எழுதிவிட்டேன். நேர்மையாக எழுத வேண்டுமென்றால் 'நாம்' என்று எழுத வேண்டும்.

ஏனென்றால் நாலு வருடத்துக்கு முன்னால் என் மேனேஜர், நல்ல மனுஷி, "நீ எப்போதும் சொல்வாயே, அந்த இடத்துக்கு என்னைக் கூட்டிப் போ" என்றார். நான் கூட்டிப் போனது மேஃபேருக்கு, பணக்காரப் பகுதிக்கு. வெள்ளித் தட்டு, தண்ணீருக்குத் தனி விலை, பணியாள் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் நாலு வரி வசனம் பேசினார். அண்ணர் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைக்க எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. அவர் ஊருக்கெல்லாம் சொன்னார், சாப்பாடு பிரமாதம் என்று. எனக்கு அங்கே என்ன தின்றேன் என்றே நினைவில்லை, பில் மட்டும் நினைவிருக்கிறது. சனிக்கிழமை இவ்வளவு எரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சிரித்தவர்கள் மேல் உள்ள கோபத்தில் கொஞ்சம் எனக்கும் பங்கு உண்டு.

நேற்று ராத்திரி கடைக்குப் போனேன். அண்ணருக்கு யாரோ காட்டிவிட்டார்கள். எனக்கோ அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது, என்னால்தானே வந்தது. கொத்துத் தகட்டின் முன்னால் நின்றுகொண்டு, கை நிற்காமல், டக்கடக் டக்கடக் என்ற சத்தத்துக்கு நடுவே கேட்டார்.

"அந்த ஃபைன் டைனிங் எண்டு எழுதினவர், கண்ணாடி போட்ட பெடியன் தானே?"

ஆமாம் என்றேன்.

"வெள்ளிக்கிழமை வந்து மூண்டு கொத்துக் கட்டிக்கொண்டு போனவர். உறைப்பைக் குறைச்சுப் போடச் சொன்னவர்."

சொல்லிவிட்டு அடுத்த முட்டையை உடைத்துத் தகட்டில் ஊற்றினார். நான் எனக்கு ஒரு இடியாப்பப் பார்சல் சொன்னேன். சொதி கூடுதலாக.