707 குதிரைத்திறன் சரி, பிரேக் என்ன ஆச்சு?

1970 டாட்ஜ் சேலஞ்சர் என்ற பழைய அமெரிக்கக் காரைப் புதுப்பித்து, அதில் டாட்ஜின் பிற்கால ஹெல்கேட் மாடலின் 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் எஞ்சினை ஏற்றிய கதையைச் சொன்ன உங்கள் கட்டுரை சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டுரை முழுக்க 707 குதிரைத்திறன் புராணம். ஓடுகிற வண்டி நிற்கவும் வேண்டுமே, அதைப் பற்றி ஒரு வரிகூடக் காணோம்!

அந்தக் காலத்துச் சேலஞ்சரில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். முன்பக்க டிஸ்க் வேண்டுமென்றால் தனியாகக் காசு. பின்னால் லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை வில்). தனிச் சேஸியும் கிடையாது, பாடியேதான் எல்லாப் பாரத்தையும் தாங்கும். இவ்வளவு டார்க்கை (முறுக்குவிசையை) அதில் இறக்கினால் பாடி முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் விஷயம் தெரிந்த மெக்கானிக்குகள் பாடிக்கு அடியில் இருக்கும் முன், பின் சட்டங்களை (சப்ஃபிரேம்) இணைத்து வெல்டிங் அடித்து, பெரிய டிஸ்க் பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கையும் மாற்றுகிறார்கள். கார்புரேட்டருக்கு இருந்த பெட்ரோல் பம்பும் இந்த இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்குப் பத்தாது. செலவு பாதி இங்கேயே போய்விடும்.

இந்த 707-ஐ, அந்தக் காலத்துச் சேலஞ்சரின் உச்ச எஞ்சினான 426 ஹெமியின் 425 குதிரைத்திறனோடு கட்டுரையில் நேருக்கு நேர் ஒப்பிட்டதும் சரியில்லை. அது ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் மாட்டாமல் அளந்த ‘கிராஸ்’ கணக்கு. 1972 மாடல்கள் வாக்கில்தான், அதையெல்லாம் மாட்டி அளக்கும் ‘நெட்’ கணக்கு வழக்கத்துக்கு வந்தது. (அந்த 425-ஐயே கம்பெனி அடக்கிச் சொன்னது என்று ஹெமி பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள்.)

ஒரிஜினல் ஹெமியோடு வந்த காரை வெட்டியிருந்தால் எனக்கும் வயிறு எரியும். சாதாரண ஆறு சிலிண்டர் எஞ்சினோ 318 எஞ்சினோ வைத்து வந்து, துருப்பிடித்துக் கிடந்த வண்டி என்றால் தாராளமாகச் செய்யட்டும். இது எந்த ரகம் என்று எழுதியிருக்கலாம்.