டான் வில்லியம்ஸ் வாழ்க்கையில் சொல்ல ஒன்றுமில்லையாம்

எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். அமெரிக்காவின் கிராமத்து மண்ணில் பிறந்த கன்ட்ரி இசையின் பாடகர் டான் வில்லியம்ஸைப் பற்றிப் பேச வந்தவர் ஐந்தே நிமிடத்தில் முடித்துக்கொண்டார். "ஜெயிலுக்குப் போகலை, ரெண்டாம் கல்யாணம் இல்லை, உப்புச்சப்பில்லாத வாழ்க்கை, சொல்ல ஒண்ணுமில்லை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

சொல்ல ஒன்றுமில்லையா? டெக்சாஸில் ஃப்ளாய்டாடா என்ற சிற்றூரில் 1939-இல் பிறந்து, கன்ட்ரி இசைத் தரவரிசைப் பட்டியலில் 17 பாட்டுகளை முதலிடத்துக்குக் கொண்டுபோன மனிதர். 2010-இல் கன்ட்ரி இசையின் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது சாதனையாளர் வரிசையில், சேர்த்தார்கள். ஆறடிக்கு மேல் உயரம், தலையில் பழைய தொப்பி, ஆனால் குரலை உயர்த்தவே மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பாடுவார். அந்தக் குரலைக் கென்யாவிலும் நைஜீரியாவிலும் சொந்த ஊர்க்காரர் குரல் மாதிரி கேட்டார்கள். 1997-இல் ஜிம்பாப்வேயின் ஹராரேக்கே போய்ப் பாடினார்.

1960-இல் ஜாயைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு மகன்கள். 2017-இல் அவர் இறக்கும்வரை, 57 வருஷம், அதே மனைவி. 2016-இல் ஓய்வு அறிவித்தபோது, தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டில் அமைதியாக இருக்கப் போகிறேன் என்ற பொருளில்தான் சொன்னார். இது கதை இல்லை என்றால் வேறு எது கதை?

"அப்போ குடித்தே அழிந்த இன்னொரு கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் பெரிய கலைஞன் இல்லையா?" என்று கேட்பீர்கள். பெரிய கலைஞன்தான். 29 வயதில் காரின் பின்சீட்டில் உயிர் போனது, நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. ஆனால் அந்தச் சாவு அவருடைய பாட்டுக்குக் கொடுத்த மதிப்பெண் இல்லை. "வீட்டுக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா?" என்றும் ஒருவர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார். யார் வீட்டுக்குள்தான் நமக்குத் தெரியும்? குடித்து அழிந்தவனின் வீட்டைப் பற்றி மட்டும் இந்தச் சந்தேகம் ஏன் யாருக்கும் வருவதில்லை?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், சரி, சொல்லிவிடுகிறேன். டான் வில்லியம்ஸை எனக்குக் கேட்கக் கொடுத்தவர் அப்பா. மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தார். ஒரு பழைய டிடிகே கேசட்டில் 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்' பாட்டு இருந்தது. மனைவிதான் தன் உற்ற தோழி என்று ஒருவன் பாடுகிற பாட்டு. அம்மா அடுப்படியில் இருக்கும்போது அதை மெதுவாக வாசிப்பார். அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள்.

கோயில் கொடைக்கு விடிய விடிய வாசித்துவிட்டு முதல் பஸ்ஸில் வருவார். கிட்டாரை ஆணியில் மாட்டிவிட்டு, தூங்காமல், எனக்குத் தலை வாரி ரெட்டைச் சடை போடுவார். கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன விரல்நுனி ரிப்பனில் சிக்கும். நூல் இழுபட்டு வரும். "அசையாதடா" என்பார். அப்புறம்தான் படுப்பார்.

அவருடைய துக்கத்துக்கு வந்த ஒருவர், என் காதுபடவே, "நல்ல கை. மெட்ராஸ் போயிருந்தா எங்கேயோ போயிருப்பான். பொண்டாட்டி பிள்ளைன்னு உக்காந்துட்டான்" என்றார். அவருக்கு டீ கொடுக்கத்தான் போனேன். கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சிரித்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா உட்காரவில்லை. ராத்திரி முழுக்க நின்று வாசித்துவிட்டு, எனக்குச் சடை பின்ன வீட்டுக்கு வந்தார்.