ஆல்வா மிர்டால் சமூகவியலை விட்டுவிட்டு வந்தவரா?

அமைதி நோபல் பெற்ற ஸ்வீடனின் ஆல்வா மிர்டாலைப் பற்றி எழுதும்போதெல்லாம் "சமூகவியலை விட்டு அரசியலுக்கு வந்தவர்" என்று ஒரு வரி போடுகிறார்கள். எனக்கு அது தப்பாகவே படுகிறது. அவர் சமூகவியலை விடவே இல்லை. அணு ஆயுதப் பேச்சுவார்த்தை மேசைக்கும் கையோடு கொண்டுபோனார்.

1930களில் ஸ்வீடனில் பிறப்பு விகிதம் சரிந்தபோது பலரும் தாய்மையின் பெருமையைப் பேசினார்கள். ஆல்வா வீட்டு வாடகையைப் பார்த்தார். சமையலுக்கு ஆகும் நேரத்தையும், அம்மா வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்பதையும் பார்த்தார். கட்டடக் கலைஞர் ஸ்வென் மார்கேலியஸுடன் சேர்ந்து யோசித்த குடியிருப்பு 1935இல் ஸ்டாக்ஹோமில் எழுந்தது. கீழே பொதுச் சமையலறையும் குழந்தைகள் காப்பகமும். சமைத்த சாப்பாடு குட்டி லிஃப்டில் வீடு வீடாக மேலே போகும்.

ஆனால் 1934இல் கணவர் குன்னாருடன் எழுதிய மக்கள்தொகை நூலில் கட்டாயக் கருத்தடைக்கும் ஆதரவு இருந்தது. அதே ஆண்டு வந்த கருத்தடைச் சட்டம் 1970கள் வரை பலரின் வாழ்க்கையைச் சிதைத்தது. அவரைக் கொண்டாடுபவர்கள் இதை மறைக்கக் கூடாது.

பிறகு யுனெஸ்கோவில் பணி. 1955 முதல் இந்தியா, இலங்கை, பர்மாவுக்கான தூதர். 1962இல் நாடாளுமன்றம், கூடவே ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாடு.

அங்கே அணுகுண்டுச் சோதனைகளைத் தடை செய்யும் பேச்செல்லாம் ஓர் எண்ணில் வந்து முட்டியது. வளிமண்டலத்தில் வெடித்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். நிலத்தடியில் என்றால், குலுங்கியது நிலநடுக்கமா குண்டா? நேரில் போய்ப் பார்க்க ஆண்டுக்கு 7 ஆய்வுகள் வேண்டும் என்றது அமெரிக்கா. 3க்கு மேல் முடியாது என்றது சோவியத். 1963இன் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் நிலத்தடிச் சோதனையை அப்படியே விட்டுவிட்டது.

ஆல்வா நிலநடுக்கவியலாளர்களைப் பிடித்துக்கொண்டார். நிலநடுக்கத்தில் பாறை வழுக்குகிறது. முதல் அசைவு சில நிலையங்களில் தள்ளலாகவும் சிலவற்றில் இழுப்பாகவும் பதியும். குண்டு எல்லாப் பக்கமும் ஒரேபோல் தள்ளும். தரையின் மேற்பரப்பு வழியே ஓடும் அலையும் குண்டு வெடிப்பில் சிறுத்திருக்கும். சிக்கல் சின்ன வெடிப்பில்தான்: அந்த முதல் அசைவு பூமியின் அன்றாட இரைச்சலில் மூழ்கிவிடும். அதனால்தான் பல நாடுகளில் நிலையங்கள் வேண்டும், பதிவுகளை மறைக்காமல் பகிர வேண்டும் என்று ஸ்வீடன் விடாமல் கேட்டது. அப்படியும் சந்தேகம் மிஞ்சினால், சந்தேகத்துக்கு ஆளான நாடே ஆய்வாளர்களை அழைத்துத் தன்னைத் தெளிவுபடுத்தட்டும் என்பது ஸ்வீடன் முன்வைத்த வழி. யாரும் யார் வாசலையும் உடைத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. மானம் பார்க்கும் அரசுகளின் மனத்தை அறிந்த யோசனை அது. இதைத்தான் நான் சமூகவியல் என்கிறேன்.

1966இல் தொடங்கிய ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் முதல் தலைவரும் அவர்தான். ஆயுதச் செலவுக் கணக்குக்கு உலகம் இன்றும் அந்த நிறுவனத்தின் பக்கங்களைத்தான் புரட்டுகிறது. 1982இல் மெக்ஸிகோவின் அல்போன்சோ கார்சியா ரோப்லஸுடன் அமைதி நோபல் பெற்றார்; 1986இல் மறைந்தார்.

அவர் கேட்ட வலைப்பின்னல், எல்லா அணுச் சோதனைகளையும் தடை செய்யும் 1996 ஒப்பந்தத்தில் 170 நிலநடுக்க நிலையங்களாக வந்தது. 2006இல் ஒரு கிலோடன்னைக்கூட (ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்தின் அளவு) எட்டாத வடகொரிய அணுவெடிப்பு அதில் பதிவானது. 'கண்டுபிடிக்க முடியாது' என்ற சாக்கு அன்றோடு போயிற்று. அந்த ஒப்பந்தமோ இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. கையெழுத்திடாத நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1962 ஏப்ரலில் ஸ்வீடனோடு சேர்ந்து, சோதனைகளைக் கண்காணிக்க அறிவியலாளர் குழு கேட்ட எட்டு நாடுகளில் இந்தியா இருந்ததை நினைத்தால் வலிக்கிறது.