காசு குடுத்து வாங்குற லைக் உங்க கடையை கூகுள்ல மேல ஏத்தாது

தீபாவளி நெருங்குனா போதும், நம்ம சிங்கப்பூர்ல தேக்கா பக்கம் கடை வச்சிருக்கவங்க போனுக்கெல்லாம் ஒரே மாதிரி வாட்ஸ்அப் மெசேஜ் வர ஆரம்பிச்சிடுது. இத்தனை ஆயிரம் லைக், இத்தனை ஷேர், கூட ஒரு இன்ஃப்ளூயன்சர் வீடியோ, சில நூறு வெள்ளி குடுத்தா ஒரே மாசத்துல கூகுள் முதல் பக்கம், கேரண்டியாம். தெரிஞ்ச பூக்கடை அக்கா ஒருத்தங்க அதை நம்பி பணம் கட்டிட்டாங்க. லைக் போட்ட ப்ரொஃபைலை ரெண்டு பேரும் திறந்து பார்த்தோம், முக்கால்வாசிக்கு போட்டோவே இல்ல, ஒரு போஸ்ட் கூட இல்ல, சிங்கப்பூர் ஆளு மாதிரி ஒருத்தரும் தெரியல. ஆனா கூகுள் மேப்ல அவங்க கடைக்கு பழைய போன் நம்பரு, ஞாயித்துக்கிழமை லீவுன்னு வேற போட்டிருக்கு. அவங்களுக்கு வியாபாரமே ஞாயித்துக்கிழமைதான். வயிறு எரிஞ்சுது எனக்கு.

இந்த மெசேஜ் அனுப்புறவங்க சொல்றது முழுசா கட்டுக்கதையும் இல்ல, அதான் ஆபத்து. 2010ல கூகுள் தேடல் பிரிவுல இருந்த மேட் கட்ஸ், சோஷியல் மீடியாவையும் ரேங்கிங்ல, அதாவது தேடுனா எது மேல வரணும்ங்கிற வரிசையில, பார்க்குறோம்னு சொன்னது உண்மை. அதே ஆளு 2014 ஜனவரில, ஃபேஸ்புக் ட்விட்டர் பக்கத்தையெல்லாம் மத்த வெப் பக்கம் மாதிரிதான் பார்க்குறோம், எத்தனை லைக், எத்தனை ஃபாலோயர்னு கணக்குல எடுக்கிறதில்லன்னு தெளிவா சொல்லிட்டாரு. காரணமும் சொன்னாரு, அந்த தளங்க எப்ப வேணா கூகுளை உள்ள விடாம தடுத்துடலாம், அதை நம்பி எப்படி ரேங்க் போடறதுன்னு. கூகுளே லைக் மாதிரி ப்ளஸ் ஒன் பட்டனோட கூகுள் ப்ளஸ்னு ஒரு சோஷியல் மீடியா ஆரம்பிச்சு 2019ல மூடியும் போச்சு. இதையெல்லாம் விட்டுட்டு 2010 கதையை மட்டும் இன்னும் வித்துக்கிட்டு இருக்காங்க.

ஷேர் ஆகுற பக்கம் மேல இருக்கத்தானே செய்யுதுன்னு கேப்பீங்க. நல்ல சாப்பாட்டுக்கடை வாசல்ல வரிசை நிக்கும், அதுக்காக கூலிக்கு ஆள் புடிச்சு வரிசையில நிறுத்தினா சாம்பார் ருசியாயிடுமா? நல்லா இருக்கிறதை ஜனங்க ஷேரும் பண்றாங்க, அதைப் பார்த்து யாராவது தன்னோட வெப்சைட்ல எழுதி லிங்க்கும் குடுக்குறாங்க, கடை பேரை கூகுள்ல தேடவும் செய்றாங்க. ரேங்கிங்க்கு உதவுறது அந்த லிங்க்தான். ஃபேஸ்புக்ல போடற லிங்க்ல பொதுவா நோஃபாலோன்னு, ரேங்கிங்க்கு இதை எடுத்துக்காதேன்னு கூகுளுக்கு சொல்ற ஒரு குறி இருக்கும், அதனால அதுக்கு அந்த மதிப்பு கிடைக்கிறதில்ல.

அதனால நிஜமான வாடிக்கையாளர் உங்க கடையைப் பத்தி வீடியோ போட்டா சந்தோஷப்படுங்க, நாலு பேரு கடைக்கு வருவாங்க, அதுவே பெருசு. இன்ஃப்ளூயன்சருக்கு காசு குடுத்தா விளம்பரம்னு சொல்லியே போட சொல்லுங்க, நம்ம ஊர்ல விளம்பர தர ஆணையம் 2016லேயே அதுக்கு வழிகாட்டி வச்சிருக்கு, பொய் லைக் வாங்கி காட்டுறதும் அதுப்படி தப்பு.

நம்ம மாதிரி சின்ன கடைக்கு மேப்தான் முக்கியம். அங்க ரிவ்யூ எத்தனை, எத்தனை ஸ்டாருன்னு பார்க்குறோம்னு கூகுளே சொல்லுது. அதுக்காக அஞ்சு ஸ்டார் போட்டா தே தாரிக் ஃப்ரீன்னு எழுதி ஒட்டாதீங்க, ரிவ்யூவுக்கு சலுகை குடுக்கிறதை கூகுள் தடை பண்ணியிருக்கு, தெரிஞ்சா அந்த ரிவ்யூவையே தூக்கிடுவாங்க. மாலை வாங்கிட்டு போறவங்ககிட்ட வாய் திறந்து ஒரு ரிவ்யூ போடுங்கன்னு கேட்டாலே பல பேரு போடுவாங்க. அக்கா கடை நேரத்தையும் நம்பரையும் அன்னைக்கே மாத்தியாச்சு, ஒரு வெள்ளி செலவில்ல. உங்க கடைக்கும் மாத்தணும்னா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, சனிக்கிழமை நேர்ல வந்து காட்டித் தர்றேன், காசெல்லாம் வேணாம்.