டெல்ஃபி முதலில், ஜிஎம் பிறகு

2009-ல் அமெரிக்க கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) திவாலானபோது அதன் உதிரிபாகப் பிரிவான டெல்ஃபியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். வரிசை தலைகீழ். டெல்ஃபி 1999-லேயே தனி நிறுவனமாகப் பிரிந்துவிட்டது. அது திவால் மனு போட்டது 2005 அக்டோபர் 8. ஜிஎம் போட்டது 2009 ஜூன் 1. இடையில் மூன்றரை வருடத்துக்கு மேல். பிரிந்த பிறகும் டெல்ஃபியின் விற்பனையில் ஏறக்குறைய பாதி ஜிஎம்மையே நம்பியிருந்தது உண்மைதான். குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

சரிபார்க்க நினைப்பவர்கள் வழக்கு எண்ணைப் பாருங்கள். இரண்டுமே நியூயார்க் தெற்கு மாவட்டத் திவால் நீதிமன்றத்தில்தான். டெல்ஃபி 05-44481, ஜிஎம் 09-50026. முதல் இரண்டு இலக்கம்தான் மனு போட்ட வருடம். பெயரை வைத்துத் தேடினால் குழப்பம் வரும்: 2009-ல் பழைய டெல்ஃபி ‘டிபிஎச் ஹோல்டிங்ஸ்’ ஆகிவிட்டதால் பிற்கால ஆவணங்களில் அந்தப் பெயர்தான் இருக்கும். எண் மட்டும் மாறவில்லை. ‘டெல்ஃபி ஆட்டோமோட்டிவ்’ என்று வருவது 2009-ல் புதிதாக உருவான வேறு நிறுவனம், அதைத் திறக்காதீர்கள்.