அணைத்தது அணைந்தே இருக்கக் கூடாதா?

புது விண்டோஸ் லேப்டாப் வாங்கிய அன்று அரை மணி நேரம் பொத்தான்களை அணைப்பதிலேயே போனது. இருப்பிடம், நமக்கேற்ற விளம்பரம் காட்ட உதவும் விளம்பர அடையாள எண், தட்டச்சு செய்வதை அனுப்புவது, எல்லாமே முதலிலேயே 'ஆன்'. மைக்ரோசாஃப்டுக்குப் போகும் 'தேவையான தகவல்' என்று ஒன்று. அதை அணைக்க வழியே இல்லை. யாருக்குத் தேவையாம்? காசு கொடுத்தவன் நான்!

சரி, ஒருவழியாக முடித்தேன். போன வாரம் ஒரு அப்டேட். போய்ப் பார்த்தால் விளம்பரப் பொத்தான் மறுபடி நீலமாகச் சிரிக்கிறது.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான டெபியன் லினக்ஸை நிறுவும்போது, எந்தெந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறோம் என்ற கணக்கை அனுப்பலாமா என்று கேட்கும். 'வேண்டாம்' என்பதுதான் முதலிலேயே தேர்வாகியிருக்கும். பழைய லேப்டாப்பில் அதுதான் ஓடுகிறது. புதியதிலும் ஏற்றலாம் என்றால் வைஃபை மக்கர் செய்கிறது. அது தனிப் புலம்பல்.