புதுமை இருந்தது 2015-இல்
ஒளிப்படக்கலையைப் போலவே செயற்கை நுண்ணறிவுப் படங்களும் புதிய அழகியலை உருவாக்கிவிட்டன என்று கட்டுரையாளர் கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. கூகுள் 2015-இல் வெளியிட்ட டீப்ட்ரீம் என்ற நிரலின் படங்களில் மேகத்தின் ஓரத்தில் நாயின் மூக்கு முளைக்கும், மரப்பட்டையெங்கும் கண்கள் திறந்துகொள்ளும். பயிற்சிக்குப் பயன்பட்ட இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பின் 1000 வகைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை நாயினங்கள் என்பதால், படங்களைப் பார்த்துக் கற்ற அந்த நரம்பியல் வலையமைப்பு எங்கு நோக்கினும் நாயையே கண்டது. எந்த ஓவியரும் திட்டமிடாத அந்த விகாரத்தைப் (பார்க்கச் சற்றுக் குமட்டும் என்பது வேறு) புதிய அழகியல் என்று தயங்காமல் சொல்வேன். பின்வந்த கருவிகளோ அத்தகைய பிறழ்வுகளைக் குறைகளாகக் கருதிக் களைந்துவிட்டன. 2022-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் டிஜிட்டல் கலைப் பிரிவில் முதற்பரிசு பெற்ற படத்தை, மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியால் உருவானதை, பாருங்கள்: பெரிய வட்டச் சாளரம், அதன்வழி பாயும் பொன்னொளி, நீண்ட ஆடையணிந்த உருவங்கள் என எல்லாமே 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்களில் பார்த்துப் பழகியவை. ஒளிப்படமும் தொடக்கத்தில் ஓவியத்தைத்தானே பின்பற்றியது என்று மேலே ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உண்மைதான், ஒளிப்படத்தை ஓவியம்போல் ஆக்க முயன்ற பிக்டோரியலிஸ்டுகள் காட்சியை வேண்டுமென்றே மங்கலாக்கினார்கள், ஆயினும் பால் ஸ்ட்ராண்ட் போன்ற ஒளிப்படக் கலைஞர்கள் 1910-களிலேயே லென்ஸுக்கே உரிய கூர்மையை நோக்கித் திரும்பினர். இங்கே நடப்பது அதற்கு நேரெதிரானது: ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் உருவாக்கும் கருவியின் பயிற்சியில், மனிதர்கள் அளித்த அழகு மதிப்பெண்களைக் கற்ற இன்னொரு நிரல் உயர்வாக மதிப்பிட்ட படங்களுக்கே முன்னுரிமை தரப்பட்டது, அதனால் மனிதர்களுக்கு ஏற்கெனவே பிடித்தவற்றின் சராசரியை நோக்கியே கருவி இழுக்கப்படுகிறது.